வழிக்கு ஒரு காப்பு

பதுளைக் கடைவீதியில் கம்பளிக் கடை வைத்திருந்த வீரய்யா, ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்தார். இந்த சீசனுக்கு நுவரெலியா போவது. போய், குதிரைப் பந்தயம் பார்ப்பது. பார்ப்பதோடு நிற்காமல் கறுப்பன் மேல் பணம் கட்டுவது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் கட்டுவது. மற்றதெல்லாம் நன்றாகத்தான் இறங்கியது. கடைசி வாக்கியம் மட்டும் வாய் கொப்பளிக்கும்போது தொண்டையில் கொஞ்சம் மாட்டியது.

கறுப்பன் யாரென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசறை ரோட்டில் ஒரு தோட்டத்துத் துரையின் குதிரை அது. அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாததால், நிறத்தைப் பார்த்துக் குதிரைக்காரன் வைத்த பெயர் கறுப்பன். தினமும் காலையில் கடை வாசலைத் தாண்டிப் போகும். போகும்போது ஒரு தரம் தலையைத் திருப்பி வீரய்யாவைப் பார்க்கும். உள்ளே அடுக்கியிருந்த கம்பளியைப் பார்த்ததாகவும் இருக்கலாம். ஆனால் வீரய்யா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் தன்னை இத்தனை மரியாதையாகப் பார்த்த ஜீவன் வேறொன்று இல்லை என்று எடுத்துக்கொண்டார். அந்தக் கறுப்பன் அடுத்த வாரம் சனிக்கிழமை நுவரெலியாப் பந்தயத்தில் ஓடப் போகிறான் என்று குதிரைக்காரன் சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் நடந்தார். கம்பளி வாங்க வந்த கங்காணியிடம், "எத்தனை குதிரை வேணும்?" என்று கேட்டார்.

போக வேண்டியதுதானே என்பீர்கள். வீட்டில் வள்ளியம்மை இருந்தாள். அவளுடைய அப்பா லுணுகலையில் ஒரே உட்காரலில் சீட்டாடி, வண்டியையும் இரண்டு மாட்டையும் விட்டவர். அதிலிருந்து சீட்டு என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. ரயில் கோச்சிக்குச் சீட்டு எடுக்கப் போகிறேன் என்றால்கூட ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து வீரய்யா பலசரக்குச் சீட்டைக்கூடத் 'துண்டு' என்றுதான் சொல்வார். ஆகையால் பந்தயத்தை மறைத்து ஊர் பார்ப்பதை மட்டும் வெளியே எடுத்தார்.

"வள்ளி, அடுத்த வெள்ளிக்கிழம நூரளைக்குப் போலாம்னு இருக்கேன்." நுவரெலியாவுக்கு மலைநாட்டு வாயில் அதுதான் பெயர்.

"எதுக்குங்க?"

"ஊர் பாக்க."

"பதுளையப் பாத்து முடிச்சிட்டீங்களா?"

"அங்க ஏரி இருக்காம். பூந்தோட்டம் இருக்காம். மூச்சு விட்டா பொகையா வருமாம்."

"பொகை பாக்கவா அம்புட்டுத் தூரம்? அடுப்படிக்கு வாங்க, நான் காட்டுறேன்."

"வெளையாடாத. ஒடம்புக்கு ஒரு மாறுதல் வேணும்."

வள்ளியம்மை முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "நானும் வரட்டுங்களா?" என்று கேட்டாள். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பசறையத் தாண்டி ஒரு ஊரு பாத்ததில்ல."

வீரய்யாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. உண்மையாகவே சுருக்கென்றது. பாவம், கேட்டது தப்பில்லையே என்று ஒரு கணம் இளகினார். அதற்குள் கறுப்பன் அந்த இளக்கத்தை ஓர் உதை உதைத்துவிட்டான்.

"ஒனக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது வள்ளி."

"கம்பளிக் கடைக்காரர் பொண்டாட்டிக்கா?"

வீரய்யா செருப்பைத் தேடினார். "மூணே நாள். போனேன் வந்தேன்னு வந்துருவேன்," என்றார்.

"சரிங்க," என்றாள் வள்ளியம்மை. சொல்லிவிட்டு மறுபடி கல் பொறுக்கினாள்.

அவள் ஒரு விஷயத்துக்கு ஒரே வார்த்தையில் சரி என்றால் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வீரய்யா அனுமதி கிடைத்துவிட்டதென்று துள்ளிக்கொண்டு கடைக்குப் போனார்.

அடுத்த தலைவலி, எங்கே தங்குவது என்பது. பக்கத்துக் கடை இத்ரூஸ் நானாவுக்குத் துணி வியாபாரம். சீசனுக்கு சீசன் மூட்டை கட்டிக்கொண்டு நுவரெலியா போய் வருபவர். கடையும் வீடும் அவருக்கு ஒன்றுதான், நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் அவருடைய மனைவி ஸவாஹிரா இருப்பாள் என்பதை வீரய்யா அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை.

"நானா, நூரளையில தங்குறதுக்கு நல்ல எடம் ஒண்ணு சொல்லுங்க."

"மூணு எடம் இருக்கு. மொத எடம் துரைமார் ஹோட்டல். அங்க சாப்பிடுறதுக்கு ஒரு சட்டை, தூங்குறதுக்கு ஒரு சட்டை வேணும். ஒங்க சட்டையப் பாத்தா வாசல்லயே வாங்கித் தரை தொடைப்பாங்க."

"ரெண்டாவது?"

"கோயில் பக்கம் ஒரு சைவ விடுதி. சுத்தம்னா சுத்தம். மூணு வேளையும் பூசை. வெளக்கு வச்சா கதவச் சாத்திருவாங்க. ஆனா அங்கேர்ந்து பந்தயத் தெடலுக்குப் போறதுக்கே ஒரு குதிரை வேணும்."

"மூணாவது?"

"என் மச்சான் தாஸிம் கடைக்கு மேல, மாடியில ஒரு ரூமு. ரெண்டு கட்டில். சன்னலத் தொறந்தா பந்தயத் தெடல். குதிரை மூக்கால ஊதுறது ஒங்க மூஞ்சில படும்."

வீரய்யா கண்ணை மூடிக்கொண்டார். "சாப்பாடு?"

"ஆட்டுக்கறி."

மூடின கண்ணை அவர் வெகுநேரம் திறக்கவில்லை.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் மனம் ஒரு நிலையில் நின்றால் அது வீரய்யாவின் மனம் இல்லை. தாஸிம் மாடியில் தங்கினால் தெரிந்தவன் எவனாவது பார்த்து வள்ளியிடம் சொல்லிவிடுவான். சைவ விடுதியில் தங்கினால் வள்ளிக்குச் சந்தோஷம், ஆனால் குதிரைக்குப் பதிலாகக் குருக்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சைவ விடுதிக்குக் கடிதம் எழுதினார். புதன்கிழமை தாஸிமுக்கு எழுதினார். வியாழக்கிழமை தபால் கந்தோருக்கு ஓடி, சைவ விடுதிக்கு வரவில்லை என்று தந்தி அடித்தார். திரும்பி வரும் வழியிலேயே பயம் பிடித்து, மறுபடி ஓடி, வருகிறேன் என்று இன்னொரு தந்தி அடித்தார். "ஐயா, நீங்க போறீங்களா, இல்ல தந்தி மட்டுந்தான் போகுதா?" என்று கேட்டார் கந்தோர்க் கிளாக்கர். சனிக்கிழமை ஒரு வழியாகத் தாஸிமுக்கே முன்பணம் அனுப்பினார். வீட்டில் சொல்லும்போது, வெறுமனே 'ஒரு மாடி' என்று சொல்லி வைத்தார்.

"ரூமு எப்பிடிங்க?" என்று கேட்டாள் வள்ளியம்மை, சோறு போட்டபடி.

"நல்ல ரூமு. சன்னல் வச்சது."

"சன்னலத் தொறந்தா?"

"புல்லு."

"வெறும் புல்லா?"

"பச்சப் புல்லு. வட்டமா இருக்குமாம்."

"புல்லு வட்டமாவா மொளைக்கும்?"

"சுத்தி வேலி போட்டிருக்காங்க."

"புல்லுக்கு எதுக்குங்க வேலி? மாடு மேஞ்சிரும்னா?"

"மாடில்ல, கு..." வீரய்யா நாக்கைக் கடித்துக்கொண்டார். "குளிரு. குளிர் உள்ள வராம இருக்க."

"வேலி போட்டா குளிர் வராதா?"

"அந்த ஊர்ல அப்பிடித்தான்."

"சரிங்க," என்றாள் வள்ளியம்மை, குழம்பு ஊற்றிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போவதற்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளை எப்படித் தள்ளுவதென்று தெரியாமல் வீரய்யா, மடித்த கம்பளியை உதறினார், உதறின கம்பளியை மடித்தார். மடிக்க மடிக்க வாய் தன்பாட்டில் பேச ஆரம்பித்தது.

"கறுப்பா, என்னக் கைவிட்டுறாதப்பா. ஒன்னத்தான் நம்பியிருக்கேன். சனிக்கிழம ஒரு நாளைக்கு மட்டும் எனக்காக நில்லு. இல்ல, நிக்காத. ஓடு."

திரும்பினால் வள்ளியம்மை காப்பித் தண்ணியோடு நின்றாள்.

"யாருகிட்டங்க பேசுறீங்க?"

"யாருகிட்ட... கறுப்பண்ணசாமிகிட்டதான். மலை ஏறிப் போறேன்ல. வழித்தொணைக்கு."

வள்ளியம்மை காப்பித் தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எம்புட்டு நாளாச்சு ஒங்க வாயில ஒரு சாமி பேரு வந்து. அப்ப ஒண்ணு செய்ங்க. செவ்வாக்கெழம மாரியம்மன் கோயிலுக்குப் போயி ஒரு காப்புக் கட்டிக்கங்க. பூசாரிகிட்ட நான் சொல்லி வைக்கிறேன்."

வீரய்யா யோசித்தார். மலைப்பாதையில் போகிற வண்டிக்காரர்கள் கையில் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு போவது அவருக்குத் தெரியும். வழிக்கு ஒரு காப்பு. கட்டிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? பெண்டாட்டிக்கும் சந்தேகம் இருந்தால் கரைந்துபோகும். கறுப்பனுக்காகவும் ஆயிற்று.

"ஒனக்காகக் கட்டிக்கிறேன்," என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கோயிலில் கூட்டம் இருந்தது. தப்பும் உறுமியும் முழங்கின. ஒரு கயிறு கட்டுவதற்கு இவ்வளவு கூட்டமா என்று ஒரு தரம் தோன்றியது. ஆனால் வீரய்யாவின் மனம் தாஸிம் மாடியில் இருந்தது. இரண்டு கட்டிலில் எதில் படுப்பது? சன்னல் ஓரக் கட்டில்தான். படுத்தபடியே பார்க்கலாமா, உட்கார்ந்து பார்ப்பதா? பூசாரி கையை நீட்டச் சொன்னார். நீட்டினார். மஞ்சள் துண்டு கோத்த கயிறு மணிக்கட்டில் ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாச்சு," என்றார் பூசாரி. "இன்னையோட சேத்து ஒம்பது நாள். கவிச்சி ஆகாது. ஊரெல்லை தாண்டக் கூடாது."

வீரய்யா மாடியிலிருந்து இறங்கி வந்தார். "என்ன தாண்டக் கூடாது?"

"ஊரெல்லை."

"சாமி, வெள்ளிக்கிழம நான்..."

"வெள்ளிக்கிழம பால்குடம். மொதக் கொடம் ஒங்களுதுதான். வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாரென்று அவருக்கே தெரியாது. வள்ளியம்மை ஒரு பழைய பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வள்ளி, காப்புன்னு சொன்னியே."

"கட்டியாச்சுங்களா?" அவள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் வழிக்குக் கட்டுற காப்புன்னுல்ல நெனச்சேன்."

"நான் திருவிழாக் காப்பச் சொன்னேன். மாரியம்மன் கோயில்னு சொன்னேனேங்க. அங்க வேற என்ன காப்புக் கட்டுவாங்க?"

"இத அவுத்துட்டா என்ன?"

வள்ளியம்மை பெட்டியைக் கீழே வைத்தாள். "அம்மை போட்டுறுவா ஆத்தா. போன தடவ பாதியில அவுத்தவர் மொகத்தப் பாத்தீங்கல்ல?"

வீரய்யா பார்த்திருந்தார். கை தானாகப் போய்க் கன்னத்தைத் தடவிக்கொண்டது. இறங்கிப்போன குரலில், "அப்ப அந்த ரூமு?" என்றார்.

"அதத்தான் நானும் யோசிச்சேன். முன்பணம் அனுப்பிட்டீங்க. ரெண்டு கட்டில். வீணாப் போனா நல்லாவா இருக்கு? இத்ரூஸ் நானா இந்தத் தடவ ஸவாஹிராவையும் கூட்டிக்கிட்டுப் போறாராம். அவரு கீழ மச்சான் வீட்டுல தங்கிக்குவாராம். மாடியில நானும் ஸவாஹிராவும். மூணே நாள். போனேன் வந்தேன்னு வந்துர்றேன்."

"ஒனக்கு அந்தக் குளிரு..."

"புல்லச் சுத்தித்தான் வேலி போட்டிருக்காங்களே," என்றாள் வள்ளியம்மை.

அப்போதுதான் வீரய்யாவுக்கு இத்ரூஸ் கடையின் திரை ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்து இனி என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பண்டாரவளைக்கு வண்டி புறப்பட்டது. அந்தக் காலத்தில் கோச்சி பண்டாரவளையோடு நின்றுவிடும், பதுளைக்கு வராது. வள்ளியம்மை கடையிலேயே விலை கூடின கம்பளியாகப் பார்த்துப் போர்த்திக்கொண்டு ஏறினாள். வீரய்யா மெதுவாக இத்ரூஸ் பக்கம் போய், ஒரு கைக்குட்டை முடிச்சை நீட்டினார்.

"நானா, இத மட்டும் கறுப்பன் மேல..."

இத்ரூஸ் பாம்பைக் கண்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். "தொழுது வியாபாரம் பண்ற ஆளு நான். சூதுக்காசக் கையால தொட மாட்டேன். எடம் கேட்டீங்க, எடம் சொன்னேன். அம்புட்டுத்தான்."

வண்டி போய்விட்டது. வீரய்யா முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு பால்குடம் தூக்கப் போனார்.

சனிக்கிழமை காலை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கயிறு தெரியாமல் சட்டைக் கையை இழுத்துவிட்டு, ஊர்க்கோடிப் பாலத்துக்கு நடந்தார். இப்போது கிளம்பினால் பந்தயத்துக்குப் போய்ச் சேர முடியாதென்பது அவருக்கும் தெரியும். கால் கேட்கவில்லை. பாலத்தின் அந்தப் பக்கம்தான் எல்லை. பண்டாரவளைப் பக்கம் போகும் தோட்டத்து வண்டி ஒன்று வந்தது. கையைக் காட்டினார். காட்டின கையில் சட்டை மேலே ஏறியது.

"காப்புக் கட்டின கையோட எங்கங்க போறீங்க?" என்றான் வண்டிக்காரன். "ஒங்கள ஏத்தினா எம் மாடு ரெண்டும் படுத்துரும். எறங்கி நில்லுங்க."

"நான் ஏறவே இல்லையேப்பா."

"அப்ப நல்லதாப் போச்சு."

வண்டி போனது. வீரய்யா எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்றார். ஒரு கால் தாண்டினால் தாண்டினதாகுமா? ஆத்தா முகத்தில் பாதிக்கு மட்டும் போடுவாளா? அவர் இந்தக் கணக்கில் இருக்கும்போது, திருவிழாவுக்காக நமுனுகுலப் பக்கத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்கள் கூட்டம் அவரைப் பார்த்துவிட்டது.

"பாருங்கடி, காப்புக் கட்டின சாமி. எல்லையில வந்து நின்னு நம்மள அழைக்குது," என்றாள் முன்னால் வந்தவள்.

கூட்டம் அவர் காலில் விழுந்து கும்பிட்டது. காலில் விழுந்தவர்களை விட்டுவிட்டு எந்தப் பக்கம் ஓடுவது? வீரய்யா அந்தப் பக்கத்துக் காலை எடுத்து இந்தப் பக்கம் வைத்து, அவர்களுக்கு முன்னால் கோயிலுக்கு நடந்தார்.

மூன்று மணி. கறுப்பன் ஓடுகிற நேரம். வீரய்யா கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். முதலில் நிதானமாகத்தான் ஊற்றினார். பிறகு அகப்பை வேகம் எடுத்தது. குனிந்து, பல்லைக் கடித்து, "போ, போ, விடாத," என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். அண்டா காலியானதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இவ்வளவு வேகமாகக் கூழ் ஊற்றி முடித்த பக்தரை இதுவரை பார்த்ததில்லை என்றார் பூசாரி. வீரய்யாவுக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை பகலில் வள்ளியம்மை வந்து இறங்கினாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பத்து வயது குறைந்தவள் மாதிரி படியேறினாள்.

"ஊரு எப்பிடி வள்ளி?"

"நல்ல ஊருங்க. ஏரி கடல் மாதிரி கெடக்கு. பூவுல பாதிக்குப் பேரே தெரியல. நீங்க சொன்னது நெசந்தான், மூச்சு விட்டா பொகையா வருது. நானும் ஸவாஹிராவும் சன்னல்ல உக்காந்து ஊதி ஊதிப் பாத்தோம். சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுருச்சு."

வீரய்யா அந்த முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் இவளை ஓர் ஊருக்கும் கூட்டிப் போகவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவள் சிரித்தது சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சன்னல்ல வேற என்ன தெரிஞ்சுது?"

"புல்லுதான்."

"புல்லு மேல?"

"குதிரைங்க. எட்டோ ஒம்பதோ ஓடிச்சு. நம்ம கடைப் பக்கமாப் போகுமே ஒரு கறுப்புக் குதிரை, அதுதான் முன்னாடி வந்துச்சு."

"முன்னாடின்னா, எத்தனாவதா?"

"முன்னாடின்னா எத்தனாவதுங்க?"

வீரய்யா கம்பளிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கறுப்பன் ஜெயித்துவிட்டான். இவர் கூழ் ஊற்றினார். இடுப்பிலிருந்த முடிச்சு வயிற்றில் அழுத்தியது.

"நீ சும்மாதானே பாத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டார். ஏன் கேட்டாரென்று அவருக்குத் தெரியாது.

"சும்மா பாக்க மனசு வருங்களா? நீங்க அத்தன நாளாக் கும்பிட்ட சாமியாச்சே. கீழ கடையில ஒரு ஆளு தெடலுக்குப் போனாரு. கையில இருந்ததக் குடுத்து, கறுப்பன் மேல போடச் சொன்னேன்."

"வள்ளி, நீயா? ஒங்கப்பா வண்டி மாட்ட விட்ட கதைய எத்தன தடவ சொல்லியிருப்ப?"

"எங்கப்பா போட்டது சூதுங்க. நான் போட்டது காணிக்கை."

வீரய்யா இதை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. தவிர, ஜெயித்தது கறுப்பன், பணம் வந்தது தன் வீட்டுக்கு. அடிபட்ட நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

"அப்ப அந்தக் காசு?"

"அதுலதான் அடுத்த வருச சீசனுக்கும் அதே மாடி ரூமச் சொல்லி வச்சிட்டு வந்திருக்கேன்."

வீரய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தயம் என்று தெரிந்தும், மறைத்தேன் என்று தெரிந்தும், இவள் எனக்காக அறை பிடித்து வந்திருக்கிறாள். சன்னல் ஓரக் கட்டிலை அவளுக்கே விட்டுவிடுவதென்று அந்த இடத்திலேயே தீர்மானித்தார்.

"ரெண்டு கட்டிலும்தானே?" என்றார், குரல் தழுதழுக்க.

"ஆமாங்க, எனக்கும் ஸவாஹிராவுக்கும்." வள்ளியம்மை அவர் கையைப் பிடித்து, தளர்ந்திருந்த காப்பு முடிச்சை இறுக்கிவிட்டாள். "ஒங்களுக்கு அடுத்த வருசமும் காப்புக் கட்டச் சொல்லி, வர்ற வழியிலயே பூசாரிகிட்ட சொல்லிட்டேன்."